மாமியாருக்கு வந்த காமாலை

முதலில் வாயு என்றார்கள். அதற்கு ஒரு மாத்திரை. பிறகு குடல்புண் என்றார்கள். அதற்கு ஒரு டானிக். கடைசியாக, "வயசு ஆகுது இல்லம்மா, மாதவிலக்கு நிக்கிற நேரம், வயிறு போடத்தான் செய்யும்" என்றார் எங்கள் தெருமுனை டாக்டர், தன் தொப்பையைத் தடவிக்கொண்டே. உங்களுக்கு எந்த விலக்கு நின்றது சார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

என் மனைவி பெயர் தெய்வானை. நாங்கள் செங்கல்பட்டில் இருக்கிறோம். மறைமலைநகரில் காருக்கு பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தரப் பரிசோதகன். வார்ப்பு இரும்பில் தலைமுடியை விட மெல்லிய விரிசல் இருந்தாலும் சாயம் தடவிக் கண்டுபிடித்து ஓரமாக எடுத்து வைப்பது என் வேலை. அதற்குத்தான் சம்பளம். அப்படிப்பட்ட கழுகுக் கண்ணன், பக்கத்தில் படுத்திருந்தவளின் வயிறு மாதக்கணக்கில் உப்பிக்கொண்டே வந்ததைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு என்ன தெரியுமா? "ராத்திரியில மீன் கொழம்பக் கொறைச்சுக்கோ."

இதைப் படிக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன். ஆண்களுக்கு இன்னும் சத்தமாகச் சொல்கிறேன். நாலு தோசை சாப்பிட்டவளுக்கு ஒன்றிலேயே வயிறு நிறைந்தால், பாவாடை நாடாவின் முடிச்சு வாரத்துக்கு வாரம் தள்ளிப் போனால், அடிக்கடி சிறுநீர் வந்தால், அடிவயிறு கனத்துக்கொண்டே இருந்தால், இதெல்லாம் சில வாரங்களுக்கு விடாமல் நீடித்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சண்டை போடுங்கள். எல்லா உப்புசமும் புற்றுநோய் இல்லை. ஆனால் சூலகத்தில், அதாவது கருமுட்டைப் பையில், வரும் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான், வாயு வேஷம் போட்டுக்கொண்டு வரும். வலிக்காது. கத்தாது. அடுத்த தெருவுக்கு மளிகை வாங்கப் போவதுபோல் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

ஸ்கேன் எடுத்த பெண் பாதி வரை எங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சை நிறுத்தினாள். தெய்வானை என்னைப் பார்த்து, "அந்தப் பொண்ணு மூஞ்சி இன்னாயா இப்படி ஆய்டுச்சி, சீக்கு அவளுக்கா நமக்கா?" என்றாள். இடது சூலகத்தில் கட்டி, வயிற்றுக்குள் நீர். ரத்தத்தில் சி.ஏ. நூற்றிருபத்தைந்து என்று ஒன்றைப் பார்த்தார்கள். அது ஒரு வகைப் புரதம். இந்த நோயில் ஏறும், வேறு சாதாரணக் காரணங்களாலும் ஏறும். அவளுக்கு எங்கோ போய் நின்றது. சென்னைக்குப் போங்கள், புற்றுநோய்க்கென்றே இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள்.

போனோம். எங்களோடு என் மச்சானும் வந்தார். தெய்வானையின் அண்ணன் ஏழுமலை. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் இரண்டு பைபர் படகு வைத்திருப்பவர். குரல் என்றால் குரல். கரையிலிருந்து கூப்பிட்டால் அலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் படகு திரும்பும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் மகள் சங்கவியைப் பள்ளிக்கூடக் காலம் முழுதும் எங்கள் வீட்டில் வைத்துத்தான் படிக்க வைத்தோம். அவருக்குத் தங்கை மேல் உயிர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அவரை நான் திட்டப் போகிறேன்.

புற்றுநோய் டாக்டர் ஒரு பெண்மணி. பேர் சொல்லாமல் டாக்டரம்மா என்றே வைத்துக்கொள்கிறேன். தெய்வானையைப் பார்த்துத்தான் கேட்டார்: "உங்க குடும்பத்துல யாருக்காவது மார்புலயோ வயித்துலயோ புற்றுநோய் இருந்திருக்கா? அம்மா, பெரியம்மா, பாட்டி?"

தெய்வானை வாயைத் திறப்பதற்குள் மச்சான் பதில் சொல்லிவிட்டார். "அதெல்லாம் எங்க பரம்பரையிலயே கெடையாது மேடம். கடல்ல போறவங்க, நோயின்னா இன்னான்னே தெரியாது."

"அம்மா எப்படி இறந்தாங்க?"

"மஞ்ச காமாலை."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நானும் தலையாட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் அதுதான் தெரியும். மாமியாருக்குக் காமாலை. படத்துக்கு மாலை போடும் ஒவ்வொரு வருடமும் கேட்டிருக்கிறேன்.

வயிற்று நீரிலிருந்தும் உள்ளே படிந்திருந்ததிலிருந்தும் துளி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு காத்திருந்தோம். காத்திருக்கும் கூடத்தைப் பற்றி எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும். சுவரில் ஒரு டிவி, அதில் எப்போதும் யாரோ சமைத்துக்கொண்டிருப்பார்கள். எதிரில் ஒரு வாய் சாப்பிட்டால் குமட்டுகிற கூட்டம். அந்தச் சேனலைத் தேர்ந்தெடுத்த ஞானியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு வந்த அன்று நான் டாக்டரம்மாவிடம் தனியாகப் பேச எழுந்தேன். நம் ஊர் வழக்கம்: புருஷனிடம் முழுசாகவும் பெண்டாட்டியிடம் பாதியாகவும் சொல்லச் சொல்வது. தெய்வானை என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீ எங்க போற? வவுறு உன்னுதா என்னுதா?"

டாக்டரம்மா சிரித்தார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"நான் பொழைப்பனா மாட்டனா, அத்த மட்டும் சொல்லுங்கம்மா" என்றாள்.

"ஒரே வார்த்தையில சொல்ல முடியாது. எதையெல்லாம் பார்த்து நாங்க கணக்குப் போடுறோம்னு சொல்றேன். கேட்டுட்டு நீங்களே பாருங்க."

அவர் சொன்னதை என் மொழியில் தருகிறேன். முதல் கேள்வி, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. சூலகத்தோடு நின்றிருந்தால் முதல் நிலை. இவளுக்கு வயிற்றின் உள்தோல் வரை, குடலுக்கு முன்னால் திரைபோல் தொங்கும் கொழுப்பு வரை போயிருந்தது. மூன்றாம் நிலை. இந்த நோய் பெரும்பாலும் இந்த நிலையில்தான் பிடிபடுகிறது, காரணம் மேலே சொன்ன வாயு மாத்திரை. இரண்டாவது, எந்த வகை. உயிரணுக்கள் எவ்வளவு முரட்டுத்தனமாக வளர்கின்றன என்று மைக்ரோஸ்கோப்பில் தெரியும். இவளுடையது முரட்டு வகை. ஆனால் முரட்டு வகைதான் மருந்துக்கு நன்றாகவும் அடங்கும். மூன்றாவது, மருந்துக்கு எப்படி அடங்குகிறது என்பது. அந்தப் புரதத்தின் அளவு எங்கே ஆரம்பித்தது என்பதை விட, ஒவ்வொரு ஊசிக்கும் எப்படி இறங்குகிறது என்பதுதான் பேசும். நான்காவது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்து ஒன்றும் மிச்சமில்லை என்றால் அதைப்போல நல்ல சேதி வேறில்லை. அதனால்தான் இதற்கென்றே பழகிய கை வேண்டும். வயது, உடம்பில் இருக்கும் தெம்பு, எழுந்து நடமாடும் சக்தி, இவையும் கணக்கில் உண்டு. கடைசியாக, பிறவியிலேயே வரும் ஒரு மரபணுக் கோளாறு. அதை ரத்தத்தில் பார்க்கலாம்.

"இதுல எதுவுமே தனியா நின்னு தீர்ப்பு சொல்லாது. எல்லாம் சேர்ந்து சொல்றதும் ஆயிரம் பேரைப் பத்தித்தான். தெய்வானைங்கிற ஒருத்தரைப் பத்தி இல்ல" என்றார்.

எங்கள் கம்பெனியில் ஒரு பொருளுக்கு மூன்று முத்திரைதான்: சரி, கழிவு, திரும்பச் செய்யலாம். நான் அதைச் சொன்னதும் டாக்டரம்மா, "அப்ப இது மூணாவது" என்றார். தெய்வானை என் பக்கம் திரும்பி, "என்ன கம்பெனிக்கே அனுப்புறியா?" என்றாள்.

முதலில் மூன்று முறை மருந்து, பிறகு அறுவை, பிறகு மறுபடி மருந்து என்று முடிவானது. மருந்தில் பிளாட்டினம் இருக்கிறது. நிஜப் பிளாட்டினம். கல்யாணத்துக்கு நான் போட்ட மோதிரம் மூன்றாம் வருடமே கறுத்துப் போனதை அவள் எல்லா விசேஷத்திலும் சொல்லிக் காட்டுவாள். முதல் ஊசி ஏறும்போது, "பாத்துக்கோ, ஒடம்பு பூரா பிளாட்டினம் போட்டுட்டேன்" என்றேன். அவள் சிரித்தாள். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. வாய் புண்ணானது. கால் விரல்கள் மரத்தன. முடி தலையணையில் கொத்தாகக் கிடந்தது. எல்லாவற்றையும் விட அவளை அழ வைத்தது மீன் வாசனை. குப்பத்தில் பிறந்தவளுக்கு மீன் வாசனை குமட்டியது. மச்சான் வாரம் தவறாமல் ஐஸ் பெட்டியில் வஞ்சிரமும் சங்கராவும் அனுப்புவார். "வேணான்னு சொல்லாதயா, அண்ணாத்த மனசு கஷ்டப்படும்" என்பாள். மாடி வீட்டுக்காரர்கள் அந்தக் காலத்தில் ஒரு சுற்று பெருத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கவி வருவாள். படூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை அவளுக்கு. அத்தைக்கு ரசம் சாதத்தை மசித்துக் கொடுத்துவிட்டு, அத்தை தலையில் மிச்சமிருந்த முடியைத் தானே மழித்துவிட்டு, பிறகு மொட்டைத் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். இருவரும் பேசவே மாட்டார்கள்.

பேசுகிறவர்கள் மற்றவர்கள். என் சித்தி ஒருத்தி பார்க்க வந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, எங்கள் வீட்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது சொன்னாள்: "புள்ள பெக்காத வவுறு. அதான் கட்டியா கட்டிக்கிச்சி."

தெய்வானை உள்ளே படுத்திருந்தாள். கதவு திறந்திருந்தது.

"ஆறு பெத்தியே சித்தி, சர்க்கரை வியாதி வர்லயா உனக்கு?" என்றேன். "எந்தப் புள்ளையப் பெக்காம வுட்டதால வந்துச்சி?" சித்தி அதற்குப் பிறகு வரவில்லை. ஹார்லிக்ஸ் நன்றாகத்தான் இருந்தது. இதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். பிள்ளை பெறாதவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான், அது யாருடைய குற்றமும் இல்லை, வந்த பிறகு எப்படிப் போகும் என்பதை அது முடிவு செய்வதில்லை என்றார். இதை எழுதி நெற்றியில் ஒட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

இரண்டாவது ஊசிக்கு முன்னால் வயிற்று நீரை வடித்தார்கள். பக்கவாட்டில் சின்னக் குழாய் செருகி, கீழே பிளாஸ்டிக் கேன். அது சத்தம் போடாமல் நிறைந்துகொண்டே வந்தது. இளநீர் நிறம். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாக்கும் இப்படித்தான்யா இருந்துச்சி" என்றாள்.

"எது?"

"வவுறு. எட்டு மாசப் புள்ளத்தாச்சி மாதிரி. நான் அப்ப சின்னப் பொண்ணு. அதுமேல தலை வெச்சிப் படுத்துப்பேன். உள்ள தண்ணி ஆடும்."

"காமாலைன்னாங்களே."

"கண்ணு வெள்ளையாத்தான் இருந்துச்சி." கேனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "பெரியம்மாக்கும் அப்படித்தான். அவங்களும் காமாலையாம்."

தாயும், தாயின் அக்காளும். டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு நேரான பதில் அது. அதை நாங்கள் காமாலையில் கழுவி ஊற்றியிருந்தோம்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மாமனார் கடலில் இறந்துபோய் இரண்டு வருடம் ஆன பிறகுதான் மாமியாருக்கு வயிறு ஏறியிருக்கிறது. புருஷன் இல்லாதவளின் வயிறு. குப்பத்தில் பேசியிருக்கிறார்கள். மச்சானுக்கு அப்போது மீசை முளைத்துக்கொண்டிருந்த வயது. பேசியவனை எல்லாம் துடுப்பால் அடித்திருக்கிறார். செங்கல்பட்டுக்குத் தூக்கிப் போய்க் காட்டியபோது புற்றுநோய் என்று சொன்னது இவள் காதிலும் விழுந்திருக்கிறது, அந்த வயதில் புரியவில்லை. அதையும் வெளியே சொல்ல முடியாது, தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டும். காமாலை என்று சொல்லிவிட்டார். சொன்னதை எல்லோரையும் நம்ப வைத்தார். கடைசியில் தானும் நம்பினார்.

டாக்டரம்மா இதைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "யாருக்கும் இல்லாட்டியும் இந்தப் பரிசோதனையை எடுக்கச் சொல்லித்தான் இருப்பேன். இப்ப தள்ளிப் போடவே கூடாது." காரணத்தையும் சொன்னார். நம் உயிரணுவில் ஏதாவது உடைந்தால் ஒட்டவைக்க உடம்பில் ஒரு பட்டறை இருக்கிறது. அந்தப் பட்டறையில் பிறவியிலேயே கோளாறு இருந்தால் நோய் வர வழி. ஆனால் வந்த பிறகு, அதே கோளாறு நோய்க்கும் எதிரி. பிளாட்டினம் அடித்து நொறுக்குவதை அந்தப் புற்று அணுக்களால் சரி செய்துகொள்ள முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கென்றே, ஊசியெல்லாம் முடிந்த பிறகு நோய் திரும்பாமல் நீண்ட நாள் தள்ளிவைக்க ஒரு மாத்திரை இருக்கிறது. கோளாறு இருக்கிறதா என்று தெரிந்தால்தான் அது அவளுக்கு எந்த அளவு உதவும் என்று சொல்ல முடியும்.

கொஞ்சம் ரத்தம். அவ்வளவுதான் கேட்டார்கள். தெய்வானை மாட்டேன் என்றாள்.

சங்கவிக்கு நிச்சயதார்த்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை கேளம்பாக்கத்துப் பையன், ஐ.டி. வேலை. பரம்பரை நோய் என்று ஒரு சொல் வெளியே போனால் என்ன ஆகும் என்று மச்சான் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"வைத்தியம் பாரு மச்சான், படக வித்துகூட பாக்கறேன். அந்த டெஸ்ட்டு மட்டும் வேணாம்."

"அந்த டெஸ்ட்டும் வைத்தியம்தான் மச்சான்."

"பொண்ணு வாழ்க்க மச்சான்!"

"இவ வாழ்க்க இன்னா, கருவாடா?"

"கல்யாணம் முடியட்டும். அப்புறம் எடு."

"அதுவரைக்கும் கட்டி காத்துகினு இருக்குமா? பத்திரிகை அனுப்பி வெக்கட்டுமா அதுக்கு?"

அவர் கத்தினார். நானும் கத்தினேன். என் குரல் தொழிற்சாலை இரைச்சலில் பழகியது, அவருடையது கடலில். அவர்தான் ஜெயித்தார். ஆனால் என்னைத் தோற்கடித்தவள் தெய்வானை. "வுடுயா. நான் வளத்த பொண்ணு. என் ரத்தத்தால அவளுக்குக் கெட்ட பேர் வர வேணாம்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் டம்ளரை எறிந்தேன். எவர்சில்வர். அது உடையக்கூட இல்லை. தெரு வரைக்கும் உருண்டு போனது. நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

அவள் மேல் கோபம். மச்சான் மேல் கோபம். அன்றைக்குக் குப்பத்தில் செத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் வயிற்றைப் பார்த்து வாய்க்கு வந்ததைப் பேசியவர்கள் மேல் எல்லாவற்றையும் விடக் கோபம். அவர்கள் பேசிய பேச்சு இத்தனை வருடம் கழித்து என் பெண்டாட்டியின் வைத்தியத்துக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. அவர்களில் பாதிப் பேர் செத்துப் போய்விட்டார்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மூன்றாவது ஊசி முடிந்து அறுவை நடந்தது. காலையில் உள்ளே கொண்டு போனார்கள். வெயில் சாய்ந்த பிறகுதான் அறுவை செய்த டாக்டர் வெளியே வந்தார். மச்சான் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் வாங்கி வந்த டீயை நான் குடித்தேன். "கண்ணுக்குத் தெரிஞ்சு எதுவும் மிச்சமில்ல" என்றார் டாக்டர். எனக்கு அந்த வாக்கியத்தின் விலை தெரியும். மச்சானுக்குத் தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் விடுவித்துக்கொண்டேன். உடனே அல்ல.

அவள் வீடு திரும்பிய பிறகு, நிச்சயதார்த்தத்துக்கு அழைக்க வந்தார்கள். குப்பத்துப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெண்ணின் அத்தைக்குத்தான் முதல் தட்டு. வெற்றிலை பாக்கு, பழம், புடவை வைத்து அத்தை கையில் கொடுத்த பிறகுதான் வேறு யாரையும் அழைக்கலாம். அத்தை வாங்காத தட்டு ஊருக்குள் போகாது. மச்சானும் அவர் மனைவியும் வந்தார்கள். தட்டைச் சங்கவி வைத்திருந்தாள்.

தெய்வானை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து கையை நீட்டினாள். சங்கவி கொடுக்கவில்லை.

"அத்த, ரத்தம் குடுக்கறன்னு சொல்லு. தட்டு தரேன்."

"இன்னா பேசற நீ?" என்றார் மச்சான்.

"எல்லாம் எனக்குத் தெரியும் நைனா. நீங்க போட்ட சத்தம் படூர் வரைக்கும் கேட்டுச்சி." என்னைப் பார்த்தாள். "மாமா டம்ளர் எறிஞ்சதும் தெரியும்."

"மாப்ள வூட்ல தெரிஞ்சா..."

"தெரியும். நானே சொல்லிட்டேன்."

மச்சான் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு மனிதர் சத்தமில்லாமல் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

"அந்தப் பையன் இன்னா சொன்னான்?" என்று கேட்டாள் தெய்வானை.

"ரெண்டு நாளு போனே எடுக்கல. நான் செம கடுப்புல இருந்தேன். அப்பறம் அவரே பண்ணாரு. அவரு சித்திக்கு மார்ல வந்துச்சாம். அவங்க வூட்ல அத டைபாய்டுன்னு சொல்லிக்கிறாங்களாம்." தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கை வலிக்குது அத்த. சீக்கிரம் சொல்லு."

தெய்வானை அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். "குடுக்கறேன்டி, குடு" என்றாள்.

கோளாறு இருந்தது. டாக்டரம்மா அதைச் சொன்னபோது எனக்குத் துக்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. அவளைப் படுக்க வைத்ததும் அதுதான். இனி அவளைக் காப்பாற்ற உதவப் போவதும் அதுதான். தெய்வானை, "அம்மா எனக்குன்னு வேற ஒண்ணும் வெச்சிட்டுப் போவல" என்றாள். மிச்ச ஊசிகள் முடிந்து மாத்திரை ஆரம்பித்தது. ரத்தம் குறையும், சோர்வு வரும், சில நாள் வாந்தி வரும். அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். இதை எழுதும் இன்று ஸ்கேனில் ஒன்றும் இல்லை. குணமாகிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லவில்லை; நானும் சொல்ல மாட்டேன். நேற்று சங்கரா வறுத்துச் சாப்பிட்டாள். மாடி வீட்டார் இளைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆனால் கோளாறு இருக்கிறது என்று சொன்ன அன்றே டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். கூடப் பிறந்தவர்களும் பார்க்க வேண்டும்.

"நான் ஆம்பள மேடம்" என்றார் மச்சான். "நான் இன்னா கர்ப்பப்பையா வெச்சிகினு கீறேன்?"

"அம்மாகிட்டேருந்து மகனுக்கும் வரும். பூவா தலையா மாதிரி. உங்ககிட்ட இருந்தாத்தான் அந்த வழியா உங்க பொண்ணுக்கு வர முடியும். உங்ககிட்ட இல்லன்னா அவளுக்கு அந்தப் பயமே வேணாம்."

இத்தனை நாள் மகளுக்காகப் பயந்தவர், மகளுக்குச் செய்யக்கூடிய ஒரே காரியம் தன் கையை நீட்டுவது என்று அப்போதுதான் புரிந்துகொண்டார். நீட்டினார். ஊசியைப் பார்த்ததும் நாற்காலியிலேயே சரிந்தார். புயலில் படகு ஓட்டியவர். நர்ஸ் அவர் காலைத் தூக்கிப் பிடிக்க, நான் நாளிதழால் விசிறினேன். நன்றாகவே விசிறினேன். ஒன்றிரண்டு மூக்கில் பட்டது.

முடிவு வந்த அன்று எங்கள் வீட்டுக்கு லட்டு டப்பாவோடு வந்தார். வாசலிலேயே கத்தினார்: "இல்ல மச்சான்! ஒண்ணும் இல்ல! என் ரத்தம் சுத்தம்!"

உள்ளே தெய்வானை மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். சங்கவிக்குப் பயமில்லை என்பதில் எனக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது, அது பொய்யில்லை. ஆனால் பாருங்கள். எந்தப் பெண்ணுக்காக இவர் என் மனைவியின் மருந்தைத் தள்ளிப் போடச் சொன்னாரோ, அந்தப் பெண்ணுக்கு ஆபத்தே இருந்திருக்கவில்லை. இல்லாத ஒன்றை மறைக்க, உயிரோடு இருந்த ஒருத்தியைப் பலி கொடுக்கப் பார்த்தார். கொடுக்கப் பார்த்துவிட்டு இன்று வந்து சுத்தம் என்கிறார். அப்படியென்றால் இவள்? வாயில் நல்ல நல்ல வார்த்தைகள் வரிசையில் நின்றன. ஒன்றுகூட அச்சில் போடத் தக்கதில்லை.

தெய்வானை என் முழங்கையைப் பிடித்தாள். தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"சந்தோசம் அண்ணாத்த. உக்காரு."

உட்கார்ந்தார்.

"உனுக்கு இனிமே பயமில்ல. சங்கவிக்கும் இல்ல. யாரு இன்னா பேசுனாலும் உன் வூட்ட ஒண்ணும் பண்ண முடியாது. ஆமாவா?"

"ஆமா தாயி."

"அப்ப பெரியம்மா பொண்ணுங்களுக்குப் போன் போடு. அம்மாவும் பெரியம்மாவும் எதுல செத்தாங்கன்னு சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். நான் லட்டைப் பார்த்தேன்.

"இன்னாத்துக்குமா இப்ப... இத்தினி வருசம் கழிச்சி..."

"அவளுங்களுக்கும் வவுறு கீது அண்ணாத்த."

போனை எடுத்தார். எங்கள் இருவர் முன்னால்தான், ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் மூத்தவள் எடுத்தாள். சுகம் விசாரித்தார்கள். மீன் விலை பேசினார்கள். பிறகு அவர் குரல் இறங்கியது. கடலில் படகைத் திருப்பும் குரல் அது. இப்போது போனுக்குள்ளேயே போய்ச் சேரவில்லை.

"இன்னா அண்ணே? கேக்கல. சத்தமாச் சொல்லு."

"அம்மாக்கும் பெரியம்மாக்கும் வந்தது..." நிறுத்தினார். துண்டால் வாயைத் துடைத்தார். "கேன்சரு தங்கச்சி. வவுத்துல கேன்சரு. தெய்வானைக்கும் அதான். நீ போய் ரத்தம் குடுத்துப் பாக்கணும். உன் பொண்ணும்..."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்டாள், கத்தாமல்:

"இது உனுக்கு எப்பலேருந்து தெரியும்?"

அவர் துண்டை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. மச்சான் குனிந்து உட்கார்ந்திருந்தார், போன் மடியில். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது வேறு, இது வேறு.

தெய்வானை அவர் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"சின்னவ இன்னும் கீறா" என்றாள். "அவளுக்கும் போடு."